குலை தள்ளாத வாசல் வாழை

1

எங்கள் வாசல் வாழை நேற்றுப் பூத்திருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்கள், "பூ வந்தாச்சா? முட்டுக் கொடுக்க நல்ல கம்பாப் பாரும்" என்று சொல்ல வாயெடுப்பீர்கள். சிரமம் வேண்டாம். இந்த வாழை குலை தள்ளாது. பூவே நீங்கள் நினைக்கிற பூ இல்லை. கருநீல மடல் ஒன்று அலகு மாதிரி கூர்மையாக நீண்டிருக்கும். அதற்குள்ளிருந்து வெள்ளை இதழ்கள் விறைத்துக்கொண்டு மேலே கிளம்பும். நடுவில் நீல நாக்கு ஒன்று. இலை இடுக்கிலிருந்து ஒரு கொக்கு எட்டிப் பார்க்கிறது என்றுதான் புதிதாகப் பார்க்கிறவன் சொல்வான்.

நான் இருப்பது டர்பன் பட்டணத்துக்குத் தெற்கே, ரயிலில் போய்வருகிற தூரத்தில் உள்ள இசிப்பிங்கோ என்ற கடலோரப் புறநகரில். பகலில் பட்டணத்து அரிசி மண்டியில் வேலை. மாலையில் ரயிலை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தால் வீடு. வீட்டில் என் மனைவி ஆவுடையம்மாள், ஏழு வயது மகள் கோமதி. இவர்கள் இரண்டு பேரும் அடுத்த வாரம் ஊருக்குக் கப்பலேறுகிறார்கள்.

ஆவுடையின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டால், மீதி முடிச்சை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். இருப்பது இவள் ஒரே அக்காள். போகாமல் முடியுமா? போவதில் ஒரு சங்கடமும் இல்லை. திரும்பி வருவதில்தான் இருக்கிறது வில்லங்கம். வெளியே போன பெண்பிள்ளை திரும்பி வந்து இறங்கும்போது, "நீ இவன் சம்சாரம்தான் என்பதற்கு என்ன அடையாளம்?" என்று துறைமுகத்தில் மறுபடியும் கேட்பார்கள். நம் முறைப்படி நடந்த கல்யாணம் செல்லுமா செல்லாதா என்று இந்த நாட்டில் கோர்ட்டு ஏறி வழக்காடுகிற காலம் இது. நானும் கூடப் போனால் மண்டி வேலை போகும். திரும்பும்போது என்னையும் நிறுத்திக் கேட்பார்கள். ஆகவே நான் இங்கே, அவர்கள் அங்கே. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை அவள் வந்து இறங்கியபோது இந்தக் கேள்வியிலிருந்து எங்களைக் காப்பாற்றியது வாசலில் நிற்கிற இந்த வாழைதான். அது வாழையே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

2

நான் திருநெல்வேலி டவுனில் ரதவீதிக்காரன். எனக்கு வாழையை இலையாகத் தெரியும், பழமாகத் தெரியும். மரமாகப் பார்த்ததெல்லாம் கல்யாண வீட்டு வாசலில், அதுவும் வெட்டிக்கொண்டு வந்து கட்டிய பிறகு. ஆவுடை அப்படி இல்லை. என் மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில் வாழைத்தோட்டம். வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் வாழை, அதற்கப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் வாழை. அவளுக்கு நடை பழகியதே வரப்பில்தான். நான் அவளுக்கு அத்தை மகன்.

கல்யாணமான கையோடு நான் மட்டும் கப்பலேறி வந்துவிட்டேன். புறப்படும்போது மாமா ஒன்று கேட்டார். "மாப்பிளை, அங்கன என்ன வெளையும்? ஒரு வாழை நிக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. வாழை நிற்காத மண்ணுக்கு மகளை அனுப்ப மாட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

இசிப்பிங்கோவில் இந்தத் தகரக் கூரை வீட்டை வாடகைக்குப் பிடித்த அன்று, வாசலுக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே இரண்டு வாழை நின்றன. யாரோ கல்யாணத்துக்குக் கட்டிவைத்துவிட்டுப் போன மாதிரி. காற்றில் கிழிந்த அதே இலை, அதே பச்சை. அன்றைக்கே மாமாவுக்கு எழுதினேன்: "வாசலிலேயே இரண்டு வாழை. குலை இன்னும் தள்ளவில்லை."

அதற்குப் பிறகு பெரிய தோட்டக்காரன் ஆகிவிட்டேன். காலையும் மாலையும் தண்ணீர், அடுப்புச் சாம்பல், மாட்டுச் சாணம். பக்கத்தில் முளைத்த கன்றையெல்லாம் மண்வெட்டியால் தோண்டி எறிந்தேன். தாய்க்குப் பலம் போக வேண்டுமே. இது என்ன மரம் என்று அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம் என்பீர்கள். வாழையைக் காட்டி இது என்ன மரம் என்று எந்தத் திருநெல்வேலிக்காரன் கேட்பான்?

மாமாவிடமிருந்து பதில் வந்தது. மகளை அனுப்புகிறேன், ஆனால் அவளுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்றால் நல்ல துணையாகப் பார்த்து அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று. நான் சம்மதித்தேன். வாழை இருக்கும்போது எனக்கென்ன பயம்?

3

துறைமுகத்தில் அவளைக் கப்பலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டார்கள். என்னைக் கரையில் ஒரு கொட்டகையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். இரண்டு பேர் பதிலும் பொருந்த வேண்டும். கேட்கிறவர் ஒரு துரை. அவர் பேச்சைத் தமிழாக்கிச் சொல்கிற துபாஷி சென்னைப் பட்டணத்துக்காரர். அவர் பேசியது பாதி எனக்கே புரியவில்லை, ஆவுடை பாவம் என்ன செய்திருப்பாளோ.

மாமனார் பெயர், வீட்டுக்கு எத்தனை வாசல், கோயில் எந்தத் திசையில் என்று எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "புருஷனுக்கு உடன்பிறந்த பெண்கள் எத்தனை பேர்?" என்று ஒரு கேள்வி வந்தது. நான் மூன்று அக்காமார் என்றேன். அவள் ஒருத்தி என்றிருக்கிறாள்.

துபாஷி என்னிடம் ஓடிவந்தார். "இன்னாய்யா இது? கூடப்பொறந்தவங்க எத்தினி பேருன்னு கூடவா தெரியாது?"

"தெரியும்வே. மூணு பேரு. ரெண்டு பேரு பெரியப்பா மக்க. ஒரே வீட்டுலதான் வளந்தோம்."

"அப்ப கூடப்பொறந்தது?"

"எல்லாரும் அக்காதான்வே!"

அதுவரை நான் அவர்களைப் பிரித்து எண்ணியதே இல்லை. ஆவுடையோ, தனக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டவள் யாரோ அவளை மட்டும் எண்ணியிருக்கிறாள். அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் ஒன்றும் மூன்றும் எப்படி ஒன்றாகும் என்பதை அந்தத் துரைக்கு விளங்கவைக்க யாராலும் முடியவில்லை. வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டதாகத் துபாஷி வந்து சொன்னார்.

கடைசியாக ஒன்று கேட்டுப் பார்க்கிறேன் என்று துரை கேட்டாராம். "நீ போகப்போகிற வீடு எப்படி இருக்கும்?"

அவள் சொன்னாள்: "கடலுக்குப் பக்கத்துல தகரம் போட்ட வீடு. வாசல்ல ரெண்டு வாழை நிக்கு. குலை இன்னும் தள்ளலை."

என்னையும் கேட்டார்கள். நானும் அச்சுப் பிசகாமல் அதையே சொல்லி, தினம் தண்ணீர் ஊற்றி வருகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். துரை சிரித்துவிட்டாராம். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூண்டில் போட இசிப்பிங்கோவுக்குத்தான் வருவாராம். அந்த மரத்துக்கு அவர்கள் மொழியிலும் காட்டு வாழை என்றுதான் பெயர் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. குலைக்காக ஒருவன் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான், அதை நம்பி ஒருத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றால், இவர்கள் புருஷன் பெண்சாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். அவர் எதற்குச் சிரித்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

4

வீட்டுக்கு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஆவுடை பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வரவில்லை. நேராக வாழையிடம் போனாள். இலையை விரலால் நிமிண்டினாள். அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு விரல் முட்டியால் மரத்தில் தட்டினாள். டொக் டொக் என்று சத்தம் கேட்டது.

"அத்தான், இது வாழை இல்லை."

"பின்ன என்னளா?"

"என்னன்னு தெரியலை. வாழையத் தட்டினா சத்தம் வருமா? இது கட்டை. எலையப் பாருங்க, விசிறி மாதிரி ரெண்டே பக்கமாப் போகுது. வாழைன்னா சுத்திச் சுத்திலா எலை விடும்?" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இதுக்கா இத்தனை நாளாத் தண்ணி ஊத்துனீங்க?"

சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். வாழைக்காரன் மகளை வாழையைச் சொல்லி ஏமாற்றிய மாதிரி ஆகிவிட்டதே என்று எனக்குக் கூசிப்போயிற்று. "மாமாகிட்டக் குடுத்த வாக்கு வாக்குதான். ஒனக்குப் பிடிக்கலேன்னா அடுத்த கப்பல்ல போயிரலாம்" என்றேன். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு இந்த ஊரில் எந்தச் செடியையும் அவள் முகத்தைப் பார்த்து நம்பவில்லை. ஒவ்வொன்றையும் நிறுத்திவைத்து விசாரித்தாள். துறைமுகத்துத் துரை தோற்றார். கிள்ளிப் பால் வருகிறதா பார்ப்பாள், கசக்கி மோந்து பார்ப்பாள், முள் எப்படிப் பிரிகிறது என்று திருப்பிப் பார்ப்பாள். வாயில் மட்டும் வைக்க மாட்டாள். அதற்கு அவளிடம் வேறு வழி இருந்தது. இங்கே மணல்மேட்டுக் காட்டில் கருமூஞ்சிக் குரங்குகள் உண்டு, பாபநாசத்து மந்தியைச் சின்னதாகச் செய்த மாதிரி. காலையில் வேலையை முடித்துவிட்டு அவற்றுக்குப் பின்னாலேயே போய்விடுவாள். "குரங்கு தின்னுததைத்தான் மனுசன் தின்னு பாக்கலாம்னு அப்பா சொல்லுவாவ" என்றாள். நான் மண்டியில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது, என் சம்சாரம் குரங்கு போகும் வழியெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.

மாலையில் நான் வந்ததும் அன்றைக்குக் கண்டதைச் சொல்வாள். சொல்கிற விதம் அவளுக்கே உரியது. செடிகொடியையெல்லாம் சொந்தபந்தமாகப் பிரித்துவைத்திருந்தாள்.

மணல்மேட்டில் முள்ளுப் புதர் ஒன்று. வெள்ளை நட்சத்திரமாகப் பூ, பிச்சிப்பூ மாதிரி மணம். பழம் சிவப்பு, கிள்ளினால் பால். குரங்கு அதைக் கண்டால் விடாது. இந்த ஊர்ச் சனங்கள் அமாதுங்குலு என்பார்கள். "இது களாவுக்கு அத்தை மக. முகம் அதேதான், கொஞ்சம் வாட்டசாட்டமா வளந்துட்டா" என்றாள். காற்றுக்குக் குனிந்து வளர்கிற ஒரு மரத்தின் செம்மஞ்சள் பழத்தைப் பிளந்து கொட்டையைக் காட்டினாள்; மகிழங்கொட்டை மாதிரியே பளபளத்தது. "மகிழத்துக்குச் சித்தி மக" என்று தீர்ப்பாயிற்று. அலை வந்து தொடுகிற இடத்தில் ஆட்டுக்குளம்பு இலையோடு ஊதாப் பூக் கொடி ஒன்று படர்ந்து கிடந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "அத்தான், இது அடும்பு! சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அதேதான். திருச்செந்தூர்க் கரையில நான் சின்னப்பிள்ளையில மிதிச்ச அதே கொடி. இது எப்பம் கப்பல் ஏறிச்சு? இதை எந்தத் துரை உள்ள விட்டான்?"

நானும் மெல்ல மெல்ல அவளோடு போக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுமுகத்துச் சேற்றில் நின்று, தண்ணீரை விட்டு வெளியே வந்து வேரில் ஏறி உட்காருகிற மீனைப் பார்ப்போம். ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள் அந்தக் கையை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நெஞ்சு மட்டும் வெள்ளையான காக்கையைக் கண்டு, "பாருங்க, துரைமாரு காக்கா. சட்டை போட்டிருக்கு" என்பாள். இவ்வளவு வருஷம் இங்கே இருந்தும் நான் இதில் ஒன்றையும் பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் இந்த ஊருக்கு வந்து இறங்கிய மாதிரி இருந்தது.

ஆனால் வாசல் வாழைக்கு மட்டும் அவள் கணக்கில் இடம் இல்லை. "அது பங்காளியும் இல்லை, சம்பந்தியும் இல்லை. பேரை மட்டும் வச்சிக்கிட்டு வந்து நிக்கி" என்பாள். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

5

மேலப்பாளையத்துக் காதர் அண்ணாச்சிக்குப் பட்டணத்தில் துணிக்கடை. ஒருநாள் மண்டிக்கு வந்தார். "பிள்ளைவாள், நோம்புக்கு முன்ன ஊருக்குப் போயிரலாம்னு இருக்கோம். எங்க வீட்டு ஆளும் வாரா. ஒம்ம சம்சாரம் வாரதா இருந்தாச் சொல்லும், எங்க மக மாதிரிக் கூட்டிட்டுப் போயி, இன்ஷா அல்லா, தூத்துக்குடியில எறக்கி விட்டுருதோம்" என்றார். மாமா கேட்ட நல்ல துணை. வீட்டில் வந்து சொன்னேன். ஆவுடை, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். இப்போது போனால், கூடப்பிறந்தவர்கள் கணக்கில் ஏற்கெனவே இடறியவளை இன்னொரு முறை உள்ளே விடுவார்களா? போனால் போனதுதான். அது அவளுக்கும் தெரியும்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆறு தாண்டித் தோட்டம் போட்டிருந்த ஆர்க்காட்டுக்காரர் ஒருவரிடம் நிஜமான வாழை இருந்தது. அவரிடம் ஒரு கன்று வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தேன். வாசலில் நிற்கிற போலியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இதை நட்டுவிட்டால், நான் எழுதியது தாமதமாகவாவது உண்மையாகிவிடும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை அவள் காட்டுப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்துக் கோடாலியை எடுத்தேன்.

முதல் வெட்டிலேயே கோடாலி மாட்டிக்கொண்டது. வாழையை அரிவாளால் ஒரே சீவாகச் சீவுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது பனை மாதிரி அசையாமல் நின்றது. இலை இடுக்கில் தேங்கியிருந்த தண்ணீர் என் தலையில் கொட்டியது, கூடவே பச்சைத் தவளை ஒன்றும். பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்த சிட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டியது.

"கோடாலியக் கீழ போடுங்க அத்தான்!"

ஆவுடை மணலில் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. தலையில் அமாதுங்குலுப் பூவைச் சரமாகக் கட்டி வைத்திருந்தாள்.

"இதை எடுத்துட்டு நல்ல வாழை வைக்கப் போறேன்ளா. இங்க பாரு, கன்னு."

"கன்னைப் பொறத்தால வைங்க. எடமா இல்லை?" என்றவள் தலையிலிருந்த சரத்தை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "பூவை எதுல கட்டிருக்கேன்னு பாருங்க. இதோட காஞ்ச மட்டையக் கிழிச்சேன். நாரு உரியுது. வாழைநாரை விடக் கெட்டி. பூவோட சேந்த நாரும் மணக்கும்னு சும்மாவா சொன்னாவ?" மரத்தில் கை வைத்தாள். "ரத்தத்துல சேராதுதான். சம்பந்தம் பண்ணிக்கிடலாம்."

அவள் குரல் இறங்கியது.

"இதைச் சொல்லித்தானே என்னை உள்ள விட்டான்? உள்ள கூட்டிட்டு வந்த ஆளையே வெட்டிட்டா, நான் எங்கன இருக்க?"

"அப்பம் காதர் அண்ணாச்சி கப்பலு?"

"அண்ணாச்சிக்கு வழியில சோத்துக்குத் தொட்டுக்கிட ஊறுகா போட்டிருக்கேன். நம்ம அமாதுங்குலுதான், களாவுக்கு அத்தை மக ஊறுகா. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுங்க."

உள்ளே போய்விட்டாள். நான் கோடாலியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுப்பதற்குள் எனக்குக் கண் இரண்டு தடவை மறைத்தது.

6

பின்பக்கம் நட்ட கன்று அடுத்த வருஷமே குலை தள்ளியது. அதன் பரம்பரை இன்றும் நிற்கிறது. அமாவாசைக்கு அதன் இலையில்தான் சாப்பாடு. வாசலில் நிற்பது கோடாலித் தழும்போடு கூரையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. அதன் காய் வெடித்தால் கறுப்பு விதையும் விதைக்குச் செம்மஞ்சள் குஞ்சமுமாகக் கொட்டும். கோமதி அவற்றை வைத்துத்தான் சொப்பு விளையாடுவாள். குரங்குக்கும் அவளுக்கும் அதில் தினம் தகராறு.

கோமதி இந்த மண்ணில் பிறந்தவள். செடிகளுக்கு அவளிடம் மூன்று பெயர்கள்: வெளியே விளையாடும்போது ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. களா என்றால் அவளுக்கு இங்குள்ள அமாதுங்குலுதான்; ஊரில் இருப்பது அதற்கு அத்தை மகள். தாமிரபரணியைப் பற்றி நான் சொல்லும்போது, "ஆத்துல அலை அடிக்காதா? பின்ன எப்படிப்பா அது சத்தம் போடும்?" என்று கேட்கிறாள். தண்ணீர் படித்துறையில் மோதிப் போகிற சத்தத்தை நான் வாயால் செய்துகாட்டினேன். அவளுக்குத் திருப்தி இல்லை. நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்று காலை ஆவுடை அவளை வாசலில் நிறுத்திவைத்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். ஆவுடைதான் துரை. நான் சட்டையை மாட்டிக்கொண்டே உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்கு அக்கா எத்தனை பேரு?"

"கூடப்பொறந்தது ஒண்ணு, பெரியப்பா மக்க ரெண்டு."

"அப்படிப் பிரிச்சுச் சொல்லணும், ஆமா. ஒங்க வீடு எங்கன இருக்கு?"

"இசிப்பிங்கோவுல, கடலுக்குப் பக்கத்துல. தகரம் போட்ட வீடு."

"வாசல்ல என்ன நிக்கு?"

கோமதி கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, அது வாழை இல்லைம்மா. பொறத்தால நிக்கதுதான் வாழை. டீச்சரும் சொன்னாங்க."

"எனக்குத் தெரியாதா? நான் வாழைத்தோட்டத்துல பொறந்தவ. ஆனா நான் வரும்போது வாழைன்னு சொல்லித்தான் உள்ள வந்தேன். திரும்பி வரும்போது மாத்திச் சொல்லலாமா? நாம வந்து சேர வேண்டியது இந்த வாசலுக்குலா?"

திரும்பி வரும்போது என்றாள். நான் சட்டைப் பித்தானைப் போடாமல் நின்றுவிட்டேன்.

"சொல்லு. வாசல்ல என்ன நிக்கு?"

"ரெண்டு வாழை."

"குலை தள்ளிட்டா?"

"இன்னும் தள்ளலை."

"ஆங். அப்பாவைக் கேட்டாலும் அதான் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு ஆவுடை உள்ளே திரும்பி என்னைப் பார்த்தாள்.

அது ஒருநாளும் குலை தள்ளப்போவதில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வரும் அன்று துறைமுகத்துக் கொட்டகையில் என்னைத் தனியே உட்காரவைத்து எந்தத் துரை கேட்டாலும், இன்னும் தள்ளவில்லை என்றுதான் நான் சொல்வேன். அதுவரை காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.